கல்லில் வெட்டிய மெட்டு

லண்டனில் படிக்கும் வாசகி ஒருவர் ‘ஹேடிஸ்டவுன்’ இசைநாடகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். ஆர்ஃபியஸ், யூரிடிசே, பெர்செஃபனி, பாதாள அரசன் ஹேடிஸ் ஆகியோரின் கதையை அமெரிக்கப் பாடகி அனயிஸ் மிட்சல் பாடல்களாகக் கோத்த படைப்பு அது. 2006இல் வெர்மான்ட் மாநிலத்தில் சிறு மேடை நிகழ்ச்சியாகத் தொடங்கி, 2010இல் இசைத்தொகுப்பாகி, 2019இல் பிராட்வேக்குப் போய், சிறந்த இசைநாடகத்துக்கானது உட்பட 8 டோனி விருதுகளைப் பெற்றது. ‘இந்த மெட்டுகள் இன்றைய அமெரிக்க மெட்டுகள் என்பது காதுக்கே தெரிகிறது. ஆனால் கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களைத் துதித்துப் பாடிய அசல் மெட்டு எதுவும் மிஞ்சியிருக்கிறதா? அப்படி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால், அது சரிதான் என்பதற்கு என்ன சான்று?’ என்பது கேள்வி. அதன் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது.

மிஞ்சியிருக்கிறது. ஹோமரின் பெயரால் வழங்கும் 33 துதிப்பாடல்களுக்குச் சொற்கள் உண்டு, இசைக்குறிப்பு இல்லை. பெர்செஃபனி பாதாளத்துக்குக் கவர்ந்து செல்லப்பட்ட கதையைச் சொல்லும் டெமீட்டர் துதியும் அவற்றில் ஒன்று. ஆனால் கல்லிலும் பாப்பிரஸ் தாளிலும் பிற்காலக் கையெழுத்துப் படிகளிலுமாக, இசைக்குறிப்போடு கூடிய கிரேக்கப் பாடல்கள், பெரும்பாலும் துண்டு துண்டாக, சுமார் 60 கிடைத்துள்ளன. அவற்றுள் சில, தெய்வத் துதிகள்.

ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் அவையில் இருந்த மெசோமீடிஸ் இயற்றிய சூரியன் துதியும் நெமிசிஸ் துதியும் இப்படித் தப்பியவை. அவற்றை 1581இல் ஃபுளோரன்ஸில் அச்சேற்றியவர் வின்சென்சோ கலிலி. வானியலாளர் கலிலியோவின் தந்தை. கிரேக்க நாடகங்களில் இசை எப்படி ஒலித்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்த ஃபுளோரன்ஸ் நண்பர் குழுவில் அவரும் ஒருவர். அந்தத் தேடலின் துணைவிளைவாகத்தான் ஓப்பரா என்ற கலையே பிறந்தது. முழு இசையோடு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஓப்பரா, யாக்கொப்போ பெரி 1600இல் அரங்கேற்றிய ‘யூரிடிச்சே’. 1607இல் மாண்டிவெர்டியின் ‘ஓர்ஃபெயோ’ வந்தது. இரண்டுமே ஆர்ஃபியஸ் கதைதான். இசைநாடகம் என்ற வடிவம் தொட்டிலிலேயே பாடிய கதை இது. ஆனால் வின்சென்சோ அந்தத் துதிகளைக் கிரேக்கக் குறிகளுடன் அப்படியே அச்சிட்டாரே தவிர, பாடத்தக்க சுரங்களாக மாற்றித் தரவில்லை. குறிகளின் முழு ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது.

பிடிபட்ட விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிரேக்கப் பாடல்களில் ஒவ்வோர் அசையின் தலைமேலும் ஓர் எழுத்து நிற்கும், அதுவே சுரக்குறி. எந்த எழுத்து எந்தச் சுரம் என்பதற்கு, பழங்காலத்தின் இறுதியில் வாழ்ந்த அலிப்பியஸ் என்பவர் அட்டவணைகள் எழுதி வைத்தார். ஆனால் அவர் எழுத்துக்கு எதிரே யாழின் நரம்புப் பெயரைத்தான் தருகிறார்: ‘நடு நரம்பு’, ‘அதற்கு அடுத்த நரம்பு’ என்பது போல. நரம்புக்கும் நரம்புக்கும் எவ்வளவு சுர இடைவெளி என்பது அந்த அட்டவணையில் இல்லை. அது அரிஸ்டாட்டிலின் மாணவரான அரிஸ்டாக்சீனஸ் முதலான இசை அறிஞர்களின் நூல்களில் இருக்கிறது. ஒருவர் எழுத்தையும் நரம்பையும் இணைக்கிறார், மற்றவர் நரம்பையும் இடைவெளியையும் இணைக்கிறார். நரம்பைக் கழித்துவிட்டால் எழுத்துக்கும் இடைவெளிக்கும் நேர்த்தொடர்பு கிடைத்துவிடுகிறது. அதோடு ஒரே எழுத்து பல அட்டவணைகளில் வெவ்வேறு நரம்புகளுக்கு வருவதால், ஒன்றில் கண்ட விடையை மற்றொன்றில் சரிபார்க்கவும் முடிகிறது. பெல்லர்மான், ஃபோர்ட்லாகே என்ற இரு ஜெர்மானியர்கள் 1847இல் தனித்தனியே வெளியிட்ட நூல்கள் இந்தக் கணக்கை முடித்து வைத்தன.

விடை கிடைத்தபின் அந்தக் குறிகளைப் பார்த்தால், வடிவமைத்தவரின் கை தெரிகிறது. கிரேக்கர்கள் குரலுக்கு ஒரு வரிசையும் கருவிகளுக்கு வேறொரு வரிசையுமாக இரண்டு குறிமுறைகளை வைத்திருந்தார்கள். கருவிக்குரிய குறிமுறையில் எழுத்துகளே புரண்டு படுக்கின்றன. கப்பா என்ற எழுத்து நேராக நின்றால் ஒரு சுரம். அதே எழுத்து மல்லாந்து படுத்தால் அதைவிடக் கால் தொனி மேலே. கண்ணாடியில் தெரிவது போல இடம்வலமாகத் திரும்பினால் அரைத் தொனி மேலே. (ச-வுக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு முழுத் தொனி என்று கொள்க.) நிற்பது, படுப்பது, திரும்புவது என்ற மூன்றும் சேர்ந்து ஒரு கட்டு.

இந்த மூன்று ஏன் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. கிரேக்க இசையின் அடிப்படை அலகு நான்கு சுரங்கள் கொண்ட ஒரு தொகுதி. அதன் இரு ஓரங்களும் ச-வுக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தூரத்தில் அசையாமல் நிற்கும். நடு இரண்டு சுரங்கள் மட்டும் பாணிக்கேற்ப நகரும். அவர்கள் மிக உயர்ந்ததாகக் கொண்டாடிய பழைய பாணியில், அந்த நடுச் சுரங்கள் இரண்டும் கீழ் ஓரத்தை ஒட்டிக் கால் கால் தொனி இடைவெளியில் நெருங்கி நிற்க, அதற்கு மேல் இரண்டு முழுத் தொனி அகலத்துக்கு வெற்றிடம் இருக்கும். ஒட்டி நிற்கும் அந்த மூன்று சுரங்களுக்கு ‘நெருக்கம்’ என்றே பொருள்படும் பெயரும் வைத்திருந்தார்கள். எழுத்தின் மூன்று நிலைகளும் அந்த நெருக்கத்தின் மூன்று சுரங்கள்தாம். ஊதுகருவியான ஔலோஸின் துளையை முழுதாகத் திறக்காமல் சிறிது சிறிதாகத் திறந்து சுரத்தை ஏற்றும் விரல் அசைவிலிருந்தே இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. விரல் சற்றே நகர்கிறது, எழுத்தும் சற்றே சாய்கிறது.

குரலிசைக் குறிகளில் எழுத்துகள் புரள்வதில்லை. அகரவரிசை மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆல்ஃபா முதல் ஒமேகா வரையிலான 24 எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் 8 கட்டுகள். ஒரு ஸ்தாயியில் ச முதல் மேல் ச வரை எண்ணினாலும் எட்டு. அதற்கு மேலும் கீழும் போக வேண்டுமானால்தான் தலைகீழ் எழுத்துகளும் சிதைந்த எழுத்துகளும் வரும்.

இந்தக் குறிகள் தூரத்தைத்தான் சொல்கின்றன. ‘இந்தச் சுரம் நொடிக்கு இத்தனை அதிர்வு’ என்று சொல்வதில்லை. ஆகவே ‘பித்தகோரஸ் கண்ட 432 ஹெர்ட்ஸ் புனிதச் சுருதி, கேட்டால் நோய் தீரும்’ என்று சமூக ஊடகங்களில் வலம் வருவது வெறும் கட்டுக்கதை. நொடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணும் வழியே அந்தக் காலத்தில் கிடையாது. பித்தகோரஸ் பெயரால் இதைவிடப் பழைய கதையும் ஒன்று உண்டு: கொல்லன் பட்டறையில் கேட்ட சம்மட்டி ஓசைகளை ஆராய்ந்து, நரம்பில் இரு மடங்கு எடை தொங்கவிட்டால் மேல் ஸ்தாயி வரும் என்று அவர் கண்டாராம். அறிஞர் பெருமக்கள் பல நூற்றாண்டுகள் இதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். எடையைத் தொங்கவிட்டுப் பார்த்துச் சொன்னவர், துதிகளை அச்சிட்ட அதே வின்சென்சோ கலிலிதான். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் நான்கு மடங்கு எடை தேவை. ஒரு நரம்பும் சில எடைகளும் போதுமான சோதனை அது.

இனி, வாசகி கேட்ட சான்றுக்கு வருவோம். பழைய கிரேக்க மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை உயர்ந்த சுருதியில் ஒலித்தது. நம் இலக்கண உரைகள் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று சொல்வதை நினைத்துக்கொள்ளலாம். சில நெடில் அசைகளில் குரல் ஏறி, அந்த அசைக்குள்ளேயே இறங்கவும் செய்யும். எந்தச் சொல்லில் எந்த அசை உயரும் என்பது இசை நூல்களிலிருந்து அல்லாமல், அலெக்சாந்திரியாவில் தொடங்கிய இலக்கண மரபிலிருந்து நமக்குத் தெரிகிறது. இலக்கணத்தாருக்கும் அலிப்பியஸின் அட்டவணைக்கும் எந்த உறவும் இல்லை. எனவே அட்டவணையைக் கொண்டு பாட்டைப் படிக்கும்போது, இலக்கணம் உயர்த்தச் சொன்ன அசைகளில் மெட்டும் உயர்ந்தால், படித்த முறை சரி. குறிகளை யாராவது மேல்கீழாக மாற்றிப் புரிந்துகொண்டிருந்தால், எடுத்தல் ஓசை வரவேண்டிய இடமெல்லாம் மெட்டு பள்ளத்தில் விழுந்திருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு சிறு பாட்டு போதும். துருக்கியின் அய்தின் நகருக்கு அருகே 1883இல் கண்டெடுக்கப்பட்ட செயிக்கிலோஸ் கல்லறைத் தூணில், முழுமையாகக் கிடைத்த மிகப் பழைய பாட்டு இருக்கிறது, கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ‘உயிரோடு இருக்கும்வரை ஒளிர், எதற்கும் வருந்தாதே, வாழ்வு கொஞ்ச காலம், முடிவைக் காலம் கேட்டு வாங்கும்’ என்பது பொருள். (ரயில்பாதைப் பொறியாளர் ஒருவர், மனைவியின் பூந்தொட்டியை நிறுத்தி வைப்பதற்காக அந்தத் தூணின் அடியை அறுத்துச் சமன்செய்தார். பாட்டு தப்பியது, கீழே இருந்த வரி சேதமானது. இப்போது தூண் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) பாட்டின் முதல் சுரத்தை ச என்று வைத்தால், வரும் ஏழு சுரங்களும் ஹரிகாம்போஜியின் சுரங்களாகவே அமைகின்றன. ராகம் என்று சொல்லவில்லை. சுரங்களை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் வரியைப் பாருங்கள்: ‘ப்ரோஸ் ஒலிகோன் எஸ்தி தொ ஸேன்’. ‘ஒலிகோன்’ என்ற சொல்லில் ‘லி’ உயர வேண்டும் என்பது இலக்கணம். கல்லிலோ ‘ஒ’வின் மேல் கப்பா, ‘லி’யின் மேல் ஸீட்டா, ‘கோன்’ மேல் அயோட்டா, அதாவது க, ப, ம. பாட்டிலேயே மிக உயர்ந்த சுரமான பஞ்சமம் சரியாக ‘லி’யில் விழுகிறது. கடைசிச் சொல்லான ‘ஸேன்’ ஏறி இறங்க வேண்டிய அசை. அதன் மேல் இரண்டு குறிகள், ரி-யும் கீழ் நி-யும், குரல் அசைக்குள்ளேயே இறங்குகிறது. இரண்டாம் வரியில் ‘ஹொலோஸ்’ என்பதன் ‘ஹொ’வும் நான்காம் வரியில் ‘க்ரொனோஸ்’ என்பதன் ‘க்ரொ’வும் பஞ்சமத்தில். ‘காலம் கேட்டு வாங்கும்’ என்று முடியும் ‘அபைதேய்’ என்ற சொல்லின் ‘தேய்’ ஏறி இறங்கும் அசை. அதில் ச, கீழ் த, கீழ் ப என மூன்று படிகள் இறங்கிப் பாட்டு அடங்குகிறது. இதை முதன்முதலில் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த நாளில், நான் அந்த நான்கு வரிகளை எத்தனை முறை முணுமுணுத்தேன் என்று கணக்கில்லை.

கிரேக்கக் கோயில் தலமான டெல்ஃபியில் கிடைத்த இரண்டு அப்பல்லோ துதிகள் இன்னும் கறாரானவை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸ் மக்களின் கருவூலச் சுவரில் வெட்டப்பட்ட அவை 1893இல் வெளிப்பட்டன. ஒன்றில் குரலிசைக் குறிகள், மற்றொன்றில் கருவியிசைக் குறிகள். இரண்டாவதன் கடைசிப் பகுதி நீங்கலாக, இரண்டும் ஐந்து எண்ணிக்கைக் கதியில், நாம் கண்டம் என்று சொல்லும் நடையில் செல்கின்றன. சொல்லின் உயர் அசையைவிட அதே சொல்லின் வேறோர் அசை மேலே போவது ஏறக்குறைய இல்லவே இல்லை. ஓர் அசை இரண்டு சுரங்களில் நீளும் இடத்தில், கல்வெட்டியவர் உயிரெழுத்தை இரட்டித்து எழுதியிருக்கிறார்: டெல்ஃபி என்ற பெயர் ‘டெஎல்ஃபி’ என்று வருகிறது. அளபெடை படித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கற்கள் எப்படி வெளிவந்தன என்பதையும் சொல்ல வேண்டும். டெல்ஃபி கோயிலின் இடிபாடுகளுக்கு மேல் காஸ்த்ரி என்ற ஊரே குடியிருந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, ஊரை வேறிடத்துக்கு மாற்றியபின் தோண்டினார்கள். ‘இதனால் உடனடிப் பயன் என்ன?’ என்ற ஒரு கட்டத்தை நிரப்பினால்தான் நிதி என்று அன்றும் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்திருந்தால், அதில் இந்தத் துதிகளை யாரும் எழுதியிருக்க முடியாது. அங்கே இசைக்குறிப்பு இருப்பதே எவருக்கும் தெரியாது. ஆராய்ச்சி நிதியை விளைவின் பட்டியலைக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்ற இன்றைய வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. தோண்டிய அடுத்த ஆண்டே, 1894 ஜூனில், முதல் துதி கபிரியேல் ஃபோரேயின் பின்னணி இசையோடு பாரிஸின் சோர்போன் மண்டபத்தில் பாடப்பட்டது. நவீன ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்க முடிவெடுத்த மாநாட்டின் தொடக்க நாள் அது.

விதிக்கு ஒரு மீறலும் உண்டு. அதை மறைப்பது முறையல்ல. செயிக்கிலோஸ் பாட்டின் முதல் சொல் ‘ஹொசோன்’. உயர வேண்டியது ‘ஹொ’. கல்லிலோ ‘ஹொ’வின் மேல் ச, ‘சோன்’ மேல் ப. மெட்டு தலைகீழாக ஏறுகிறது. இது குறியைத் தவறாகப் படித்ததால் வந்ததாக இருக்க முடியாது. அதே இரண்டு எழுத்துகள் மற்ற வரிகளில் ஒழுங்காக நடக்கின்றன. ச-விலிருந்து ப-வுக்கு ஒரே தாவலில் ஏறித் தொடங்க வேண்டும் என்று பாட்டை அமைத்தவருக்குத் தோன்றியிருக்கிறது, அதற்காக முதல் சொல்லின் இலக்கணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வாசகி பாடிப் பார்க்க விரும்பினால் முதல் வரி இது: ச, ப, ப, கமப, ம. மூன்றாவதாக வரும் ப-வைச் சற்று நீட்டிப் பாட வேண்டும். கல்லில் அதன் தலைமேல் அதற்கென்று ஒரு சிறு கோடு வெட்டியிருக்கிறது.