சி.டி.சி. 12 லட்சம், கைக்கு எவ்வளவு வரும்? சென்னைச் சம்பளக் கணக்கு

ஆஃபர் லெட்டரில் 12 லட்சம் என்று பார்த்ததும் வீட்டில் போடும் முதல் கணக்கு, மாதம் ஒரு லட்சம். மாதக் கடைசியில் வங்கியில் விழுவது 79,600 ரூபாய். மீதி எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “டாக்ஸ்ல போயிடுச்சு”. ஆனால் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. சென்னையில் ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் வரை வாங்குபவரின் சம்பளத்தில் பெரிய வெட்டு வைப்பது வரி இல்லை. பி.எஃப்.-ஐ (வருங்கால வைப்பு நிதி) எந்தத் தொகையின் மேல் பிடிக்கிறார்கள் என்பதும், சி.டி.சி.-க்குள் எதையெல்லாம் அடைத்திருக்கிறார்கள் என்பதும்தான்.

கீழே உள்ளவை 2025-26 நிதியாண்டின் விகிதங்களும் விதிகளும்.

12 லட்சம் எப்படி 79,600 ஆகிறது

சி.டி.சி. என்பது உங்களை வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வராத பணமும் அதற்குள் இருக்கும். சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றின் கடிதத்தில் இருக்கக்கூடிய ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 45,000. ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) 22,500. ஸ்பெஷல் அலவன்ஸ் 17,500. ஆக மாதம் 85,000, ஆண்டுக்கு 10,20,000. இதுதான் கிராஸ், பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம்.

மீதி 1,80,000-இல் வேரியபிள் பே 80,000. ஆண்டு முடிவில், நிறுவனமும் நீங்களும் இலக்கைத் தொட்டால் வரும். முழுதாக வருமா, பாதி வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மாதச் செலவுக்கான கணக்கில் இதைச் சேர்க்கவே வேண்டாம். அடுத்து நிறுவனம் கட்டும் பி.எஃப்., பேசிக்கில் 12 சதவீதம்: ஆண்டுக்கு 64,800. கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம்: 25,974. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 9,226.

கிராஜுவிட்டியைச் சி.டி.சி.-யில் காட்டுவது எனக்குச் சற்று உறுத்தலான வழக்கம். நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்க ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். இரண்டு வருடத்தில் வேலை மாறும் ஓ.எம்.ஆர். இளைஞருக்கு அந்த 25,974 காகிதத்தில் மட்டுமே இருக்கும் பணம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு வருடம் போதும்.

இனி பிடித்தம். உங்கள் பங்கு பி.எஃப். 5,400. வருமான வரி பூஜ்யம். 85,000-இலிருந்து 5,400 போனால் 79,600. நினைத்த ஒரு லட்சத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 20,400. அதில் 10,800, அதாவது பாதிக்கு மேல், பி.எஃப். மட்டுமே: உங்கள் பங்கு 5,400, நிறுவனத்தின் பங்கு 5,400.

பி.எஃப்.: எந்தத் தொகையில்?

பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் என்பது பொது விதி. ஆனால் சட்டப்படி கட்டாயம் மாதம் 15,000 ரூபாய் வரைக்கும்தான். ஆகவே பேசிக் எவ்வளவாக இருந்தாலும் 15,000-க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு, முழு பேசிக்குக்கும் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு.

மேலே சொன்னவருக்கே 1,800 மட்டும் பிடிக்கும் முறை என்றால் நிறுவனத்தின் பங்கில் மாதம் 3,600 மிச்சம். அதே சி.டி.சி.-க்குள் அது அலவன்ஸாக மாறினால் கிராஸ் 88,600 ஆகும். அதில் 1,800 போக 86,800 கைக்கு வரும். ஒரே 12 லட்சம், ஒரே ஊர், ஒரே வேலை. மாதம் 7,200 ரூபாய் வித்தியாசம். இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது யாரும் பார்க்காமல் விடும் இடம் இதுதான்.

அதற்காக 1,800-தான் நல்லது என்று சொல்ல வரவில்லை. அது உங்கள் பணம், 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். ஊழியர் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாத வரை அந்த வட்டிக்கு வரியும் இல்லை. வாடகையும் இ.எம்.ஐ.-யும் கழுத்தை நெரிக்காதவர் முழு பேசிக்குக்குப் பிடிப்பதையே விரும்பலாம். ஆனால் எது என்று சேரும் முன் தெரிந்திருக்க வேண்டும். ஹெச்.ஆர்.-இடம் “இன்-ஹேண்ட் எவ்வளவு சார்?” என்று கேட்டால் பெரும்பாலும் “டிபெண்ட்ஸ்” என்றுதான் வரும். “பி.எஃப். முழு பேசிக்கிலா, 15,000-லா? எம்ப்ளாயர் பி.எஃப். சி.டி.சி.-க்கு உள்ளேயா, வெளியேயா? வேரியபிள் எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள், மழுப்ப இடமிருக்காது.

நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகும் என்றும் எண்ண வேண்டாம். ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அதிலிருந்து மாதம் 1,250 வரை அங்கே போய்விடும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000-க்கு மேல் பேசிக்கோடு முதல்முறையாகச் சேர்ந்தவர் அந்தத் திட்டத்தில் வரமாட்டார். அவருக்கு முழுதும் பி.எஃப்.-இலேயே சேரும்.

புதிய சட்டத் தொகுப்புகள் வந்ததும் ‘டேக்-ஹோம் குறையப் போகிறது’ என்று வாட்ஸ்அப்பில் நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். விஷயம் இதுதான்: அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ‘ஊதியம்’ என்றே கணக்கில் வரும். பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்துவிட்டு முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடிக்கும் நிறுவனத்தில் பிடித்தம் கூட வாய்ப்பு உண்டு. 15,000 உச்சவரம்பில் பிடிப்பவர்களுக்குக் கைக்கு வருவது இதனால் மாறாது.

தொழில் வரி

அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் ‘பி.டி.’ என்று ஒரு வரி திடீரென்று எட்டிப்பார்க்கும். பெங்களூரில் இது மாதாமாதம் போகும். இங்கே ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு தவணை. வாங்குவது மாநகராட்சி. அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு போட்ட வேலி.

அரையாண்டுக்கு 75,000 என்றால் மாதம் 12,500. தி.நகர் ஜவுளிக்கடையில் 20,000 வாங்கும் விற்பனைப் பெண்ணும், தரமணியில் மூன்று லட்சம் வாங்கும் டைரக்டரும் கட்டுவது ஒரே 1,250. நியாயமில்லை என்று தோன்றினால் நீங்கள் தனியாள் இல்லை.

20,000 ரூபாய்க்காரருக்கு

அந்த விற்பனைப் பெண்ணின் சம்பளச் சீட்டையே பார்ப்போம். பேசிக் 10,000, ஹெச்.ஆர்.ஏ. 5,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 5,000. மாதம் 21,000-க்கு மிகாததால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு: அவர் பங்கு 0.75 சதவீதம், 150 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 650 ரூபாய். பி.எஃப். எவ்வளவு? பேசிக்குக்கு மட்டும் என்று 1,200 பிடித்தால் கேள்வி கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படும் ஸ்பெஷல் அலவன்ஸும் பி.எஃப். கணக்கில் சேர வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் 15,000-க்கு 1,800. கைக்கு 18,050. தொழில் வரி பிடிக்கும் மாதம் 16,800. அந்த மாதம் வாடகை தேதியோடு மோதினால் சிரமம்தான். எந்த மாதம் பிடிப்பார்கள் என்று கணக்குப் பிரிவில் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளம் 21,000-ஐத் தாண்டிய மறுமாதமே ஈ.எஸ்.ஐ. நின்றுவிடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற பருவம் முடியும்வரை பிடித்தமும் தொடரும், கே.கே.நகர், அயனாவரம் ஆஸ்பத்திரிகளில் வைத்தியமும் தொடரும்.

வருமான வரி எங்கே தொடங்குகிறது

நீங்களாகக் கேட்டு மாற்றாவிட்டால் நிறுவனம் புதிய வரிமுறையில்தான் பிடிக்கும். அதில் நிலையான கழிவு 75,000. அதைக் கழித்தபின் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யம். அதாவது சம்பள வருமானம் மட்டும் உள்ளவருக்கு 12,75,000 வரை கவலையில்லை. பங்குகளைக் குறுகிய காலத்தில் விற்று வந்த லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது.

வரியின் படிகள் இப்படி: முதல் 4 லட்சத்துக்கு இல்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்துக்கு மேல் 30. வந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ்.

கிராஸ் மாதம் 1,25,000, பேசிக் 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 லட்சம். கழிவு போக 14,25,000. வரி 20,000, 40,000, 33,750 என்று மூன்று படிகளில் 93,750; செஸ்ஸோடு 97,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,125. பி.எஃப். 7,200. கைக்கு 1,09,675.

12,75,000-ஐச் சற்றே தாண்டும் இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிராஸ் 12,85,000 ஆனால் முறைப்படி வரி 61,500 வர வேண்டும். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரம் வரியா என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக, 12 லட்சத்தைத் தாண்டிய தொகையளவே வரி என்று விளிம்பு நிவாரணம் தருகிறார்கள். வரி 10,000, செஸ் 400. பத்தாயிரம் உயர்வுக்கு 10,400 போகிறது! இந்த நிலை ஏறத்தாழ 13,45,000 வரை நீடிக்கும். அதாவது 12.75-இலிருந்து 13.45 லட்சத்துக்கு உங்களை உயர்த்தினால் கைக்கு ஒன்றும் கூடாது. சம்பள உயர்வு பேசுபவர் இந்த 70,000 ரூபாய்ப் பள்ளத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும்.

பழைய வரிமுறை லாபமா? சென்னை பெருநகரப் பட்டியலில் இருப்பதால் ஹெச்.ஆர்.ஏ. விலக்குக்கு பேசிக்கில் 50 சதவீதம் வரை கணக்கில் எடுப்பார்கள். அதே 15 லட்சக்காரர் வேளச்சேரியில் 30,000 வாடகைக்கு இருக்கிறார் என்று கொள்வோம். வாடகையில் பேசிக்கின் பத்து சதவீதம் போக விலக்கு 2,88,000. நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, 80சி பிரிவில் வரும் சேமிப்பு 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000. எல்லாம் சேர்ந்து 5,65,500. புதிய முறையின் 97,500 வரிக்குச் சமமாக வரவே அவருக்கு 5,93,750 கழிவு வேண்டும். இத்தனை சேமித்தும், வீட்டுக்காரரிடம் பான் எண் கெஞ்சி வாங்கியும், பழைய முறை தோற்கிறது. வீட்டுக்கடன் வட்டியும் சேர்ந்தால்தான் இந்தச் சம்பளத்தில் அது யோசிக்க வேண்டிய விஷயம்.

நடு ஆண்டில் வேலை மாறினால்

சம்பளக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 85,000. அக்டோபரிலிருந்து வேறொன்றில் 1,35,000. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 10,20,000 என்று மதிப்பிட்டு டி.டி.எஸ்., அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி, பிடிக்கவில்லை. இரண்டாவது, தான் தரப்போகும் 8,10,000-ஐ மட்டும் பார்த்து அதுவும் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் 13,20,000. கழிவு போக 12,45,000. விளிம்பு நிவாரணத்தோடு வரி 45,000, செஸ்ஸோடு 46,800. ஆறு மாதமாக முழுச் சம்பளம் வந்த சந்தோஷம் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். வட்டியும் கூடச் சேரும். புதிய நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரமே படிவம் 12பி-யில் பழைய சம்பள விவரத்தைக் கொடுத்தால் இதே தொகை மாதம் 7,800 என்று ஆறு மாதத்தில் பிரிந்து போகும். பல நிறுவனங்கள் இதைக் கேட்பதில்லை, நாமாகக் கொடுக்க வேண்டும்.

பழைய பி.எஃப். கணக்கையும் அதே யூ.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளுங்கள். பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.-வின் பாஸ்புக்கைத் திறந்து, சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் அதில் வரவான தொகையும் ஒன்றா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஊழியரிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் முதலாளிகள் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் புகார் கொடுக்க ‘இ.பி.எஃப். ஐ-கிரீவன்ஸ்’ தளம் இருக்கிறது. சென்னையில் நேரில் போக ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம் அலுவலகங்களும் உண்டு.