3 என்றால் அய்ன், 7 என்றால் ஹா

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் சிலருக்காவது காலையில் இப்படி ஒரு செய்தி வந்திருக்கும்: "9அபா7 அல்5யர்". அசலில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். எண்கள் மட்டும் இப்படியே நடுநடுவே உட்கார்ந்திருக்கும். வாய்விட்டுப் படித்தால் "ஸபாஹ் அல் கைர்", அதாவது காலை வணக்கம். இந்த எழுத்துமுறைக்கு 'அரபீஸி' என்று பெயர். எகிப்தில் 'ஃபிராங்கோ' என்பார்கள். எந்தப் பள்ளியிலும் இதைச் சொல்லித்தருவதில்லை. எந்த அரசும் இதற்கு ஆணை போட்டதில்லை. ஆனாலும் கோடிக்கணக்கானவர்களுக்கு இது தெரியும்.

தொடக்கம் வெறும் தொழில்நுட்ப நெருக்கடிதான். எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ள உதவிய ஆஸ்கி குறியீட்டில் மொத்தமே 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி என்று அத்தனையும் நிரம்பிவிடும். அரபிக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. ஆனால் ஒரு கணினியில் தட்டியது இன்னொன்றில் குப்பையாகத் தெரியும். எழுத்துரு இறக்கித் தமிழ் படித்த தலைமுறைக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. பிறகு கைப்பேசி வந்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். லத்தீன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து போகும். அரபி எழுத்துக்கு 16 பிட் வேண்டும் என்பதால் 70-உடன் நின்றுவிடும். செய்திக்குச் செய்தி காசு கட்டுகிற மாணவர் எதில் எழுதுவார்?

லத்தீனில் எழுதலாம் என்று முடிவெடுத்த உடனே அடுத்த சிக்கல். தொண்டையின் அடியிலிருந்து வரும் 'அய்ன்' போன்ற ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் எழுத்தே இல்லை. எண்களைக் கொண்டுவந்தது கண்தான். அய்ன் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் கிட்டத்தட்ட 3. அழுத்தமான 'ஹா'வின் மேற்கோடும் வளைவும் 7-ஐ நினைவூட்டும். 'ஹம்ஸா' என்ற சின்னக் குறி திருப்பிப் போட்ட 2. ஹாவின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அரபியில் அது 'கா'. ஆகவே 7-க்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள்குறி போட்டால் புள்ளி வைத்ததாகக் கணக்கு. காலை வணக்கத்தில் பார்த்த 5-ம் இதே ஒலிக்குத்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் இதை எதிர்த்திசையில் எப்போதோ செய்துவிட்டார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வியில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கிற எழுத்துகளின் மேல் கூடுதல் குறியும் புள்ளியும் வைத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1, 2, 3 என்று நாம் எழுதுவதை 'அரபு எண்கள்' என்கிறது உலகம். கெய்ரோவின் கடைகளிலோ வேறு எண்கள். அங்கே 7 என்பது ஆங்கில 'வி' போல இருக்கும். ஹாவாக மாறியது அந்த 7 அல்ல, விசைப்பலகையில் இருந்த ஐரோப்பிய 7.

விளையாட்டாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு ஏன் அடையாளமாக மாறியது? அரபியின் இரட்டை வாழ்க்கைதான் காரணம். செய்தித்தாளுக்கும் மேடைக்கும் 'ஃபுஸ்ஹா'. வீட்டுக்கும் தெருவுக்கும் அந்தந்த ஊர்ப் பேச்சு. எழுத்திலக்கணம், அகராதி, தேர்வுத்தாள் எல்லாம் ஃபுஸ்ஹாவுக்கே சொந்தம். பேச்சுமொழிக்கு அதிகாரபூர்வ எழுத்துக்கூட்டு கிடையாது. கெய்ரோவில் இணையத்தோடு புழங்கிய இளம் பணியாளர்களிடம் மார்க் வார்ஷாவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. முறையான மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதிய அதே ஆட்கள், நண்பர்களிடம் லத்தீன் எழுத்தில் எகிப்தியப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விதி இல்லாத இடத்தில் ஆளுக்கொரு விதமாகத் தாறுமாறாக எழுதுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. காது கேட்டதைக் கை எழுதியது. காதோ ஊருக்கு ஊர் வேறு. இதயத்துக்கு ஃபுஸ்ஹாவில் 'கல்ப்', முதல் ஒலி அடித்தொண்டையில் பிறக்கும் 'காஃப்'. கெய்ரோவில் அந்த ஒலி, தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஹம்ஸாவாகிவிடும். அதனால் அங்கே "2அல்ப்". வளைகுடாவில் அது ஆங்கில 'ஜி'யில் தொடங்கும், 'கோல்' என்பதன் முதல் ஒலியோடு. மொராக்கோக்காரர் பெரும்பாலும் "9அல்ப்" என்பார், ஏனென்றால் காஃபின் வளையமும் வாலும் அவர் கண்ணுக்கு 9. வளைகுடாவிலோ அதே 9, 'ஸாத்' என்ற வேறு எழுத்து. முதலில் பார்த்த காலை வணக்கத்தில் இருப்பது அதுதான். ஒரே சொல்லின் ஒரே ஓர் எழுத்தை வைத்து, எழுதியவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

ஊர் மட்டுமல்ல, படித்த பள்ளியும் தெரிந்துவிடும். லெபனானில் 'என்ன?' என்பதற்கு 'ஷூ'. பிரெஞ்சு வழியில் படித்தவர் அந்த 'ஷ'வை 'சி, எச்' என்று எழுதுவார். ஆங்கில வழியில் படித்தவர் 'எஸ், எச்' என்பார். பெய்ரூத்தின் ஒரே தெருவில் இரண்டையும் பார்க்கலாம். வெட்கமோ பெருமையோ, வீட்டாரின் முடிவு ஒன்று எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்கும் இது புதிதில்லை: 'யாழ்' என்பதன் கடைசி எழுத்தை ஈழத்தவர் 'ஆர், எல்' என்று எழுதுவார், தமிழ்நாட்டவர் 'இசட், எச்' என்பார்.

மொழி அழிகிறது என்ற புலம்பல் அரபு நாடுகளிலும் உண்டு. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது இன்னொன்று. துருக்கி 1928-இல் சட்டம் போட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. அதைப் பார்த்து 1940-களில் எகிப்தின் சட்ட அறிஞர் அப்துல் அஸீஸ் ஃபஹ்மி, கெய்ரோ மொழிக் கழகத்தில் அரபிக்கும் லத்தீன் எழுத்தைப் பரிந்துரைத்தார். கடும் எதிர்ப்பு, திட்டம் மடிந்தது. சட்டமேதை ஒருவரால் முடியாததை, அரட்டைக்காகப் பிள்ளைகள் பாதியாவது செய்துவிட்டார்கள். பாதி என்று சொல்வதற்குக் காரணம், ஃபுஸ்ஹாவை அவர்கள் தொடவே இல்லை.

2007-இல் யம்லி, 2009-இல் கூகுளின் 'த3ரீப்' என்று, இப்படித் தட்டினால் அரபு எழுத்தாக மாற்றித்தரும் கருவிகள் வந்தன. இரண்டாவதன் பெயருக்குள்ளேயே ஒரு 3 இருப்பதைக் கவனியுங்கள். இன்று எந்தக் கைப்பேசியிலும் அரபு விசைப்பலகை உண்டு, இடப் பஞ்சமும் இல்லை. ஆனாலும் அரபீஸி காணாமல் போகவில்லை. தேவை தீர்ந்த பிறகும் ஒரு வழக்கம் நிலைக்கிறது என்றால், அது ஆட்களைக் காட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள்.

பெயர்களில் இது இன்னும் துல்லியம். அரபியில் 'ஹ' இரண்டு. அஹ்மதின் 'ஹ' தொண்டையில் அழுத்திச் சொல்வது. ஃபஹ்மியின் 'ஹ' வெறும் மூச்சு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்குமே, அதில் பெயருக்கு ஏ முதல் இசட் வரையிலான எழுத்துகளையும் இடம் நிரப்பும் '<' குறியையும் தவிர வேறெதற்கும் அனுமதியில்லை. இரண்டு ஹ-வும் அங்கே பெரும்பாலும் ஒரே 'எச்'. இணையத்தில் "அ7மத்" என்று பெயர் வைத்துக்கொண்டவர், தன் அரசாங்கம் எழுதியதைவிடச் சரியாகத் தன் பெயரை எழுதியிருக்கிறார்.