குளிரில் புழு, கோடையில் புல்: இமயத்துப் பூஞ்சை ஒன்று இயங்கும் விதம்

மே மாதத்தின் பிற்பகுதியில், திபெத்தியப் பீடபூமியிலும் அதை ஒட்டிய இமயமலைச் சரிவுகளிலும், பனி உருகிய உயர்ந்த புல்வெளிகளில் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தவழ்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய கண்கள் தேடுவது, காய்ந்த புல்லின் தாளைப் போல மண்ணுக்கு மேலே சில சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரும்பழுப்புக் குச்சியை. அதைச் சுற்றியுள்ள மண்ணைச் சிறு கொத்தால் பக்குவமாக நெம்பி எடுத்தால், குச்சியின் அடியில் கால்களும் வளையங்களும் கலையாத ஒரு முழுப் புழு வெளிவரும். குச்சி அந்தப் புழுவின் தலையிலிருந்து முளைத்திருக்கும்.

திபெத்தியர்கள் இதனை ‘யார்ட்சா குன்பு’ என்கிறார்கள். கோடையில் புல், குளிரில் புழு என்பது அதன் பொருள். சீனப் பெயரான ‘டோங் சோங் சியா சாவோ’வும் இதையே சொல்கிறது. உத்தராகண்டின் பித்தோராகர், சமோலி மலைப்பகுதிகளில் இது ‘கீடா ஜடி’, அதாவது புழு மூலிகை. ஒரே உயிர் பருவத்துக்கு ஒரு வடிவம் எடுக்கிறது என்ற நம்பிக்கை இப்பெயர்களுக்குள் இருக்கிறது. உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு உயிர்கள். ஒன்று மற்றொன்றை உள்ளிருந்து உண்டு முடித்திருக்கிறது.

உண்ணப்பட்டது ஒருவகை அந்துப்பூச்சியின் புழு. இதன் புழுப்பருவம் மிக நீண்டது. கடுங்குளிரில் மெதுவாக வளரும் இப்புழு, புல்வேர்களைத் தின்றபடி ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே வாழும். உண்டது ‘ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ்’ என்ற பூஞ்சை. கோடையின் இறுதியில் மண்ணில் சிதறும் அதன் வித்துகள் புழுவைத் தொற்றுகின்றன. புழு தோலுரித்துப் புதுத்தோல் இன்னும் இறுகாத நேரம் இதற்கு ஏற்றது. பூச்சிகளைக் கொல்லும் இத்தகைய பூஞ்சைகள் பொதுவாகப் புரதத்தையும், பூச்சித்தோலுக்கு உறுதி தரும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, தோலைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. உடற்குழிக்குள் நுழைந்ததும், பூஞ்சை ஈஸ்ட்டைப் போன்ற தனித்தனிச் செல்களாகப் பிரிந்து பெருகுகிறது. புழு அப்போதும் உயிரோடுதான் இருக்கும்.

குளிர்காலம் நெருங்கும்போது, நோயுற்ற புழு மண்ணின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் ஆழத்தில், தலை மேல்நோக்கி இருக்கும் நிலையில் இறக்கிறது. இந்த நிலை பூஞ்சைக்கு இன்றியமையாதது. புழு ஆழத்தில் இறந்துவிட்டால் முளைக்குத் தரைக்கு மேலே வர வழியிருக்காது. இறந்த பிறகு செல்கள் இழைகளாக நீண்டு, ஒன்றோடொன்று பின்னி, உடல் முழுவதையும் கெட்டியான வெண்ணிறத் திரளாக நிரப்பிவிடுகின்றன. வெளித்தோல் மட்டும் உறையாக மிஞ்சுகிறது. ஆகவே விலைகொடுத்து வாங்குபவர் புழுவென்று கருதி வாயிலிடுவதும் பூஞ்சையைத்தான். வசந்தம் வந்து மண் இளகியதும் தலையிலிருந்து முளை கிளம்பும். அதன் மேற்பகுதியிலுள்ள நுண்ணிய குடுவைகளில் அடுத்த தலைமுறை வித்துகள் முதிரும்.

15ஆம் நூற்றாண்டுத் திபெத்திய மருத்துவ நூலில் இதைப் பற்றிய குறிப்பு உள்ளது. சீன மருத்துவம் இதனை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வலுவூட்டும் மருந்தாகக் கொள்கிறது. 1993இல் சீன ஓட்டப்பந்தய வீராங்கனைகள் உலக சாதனைகளை அடுத்தடுத்து முறியடித்தபோது, அவர்களுடைய பயிற்சியாளர் மா ஜுன்ரென் இந்தப் பூஞ்சையையும் காரணமாகச் சொன்னார்; அதன் புகழ் உலகெங்கும் பரவியது. பின்னாளில் அந்தச் சாதனைகளின் மீது ஊக்கமருந்து ஐயம் படிந்தது. பூஞ்சையின் புகழ் மட்டும் குறையவில்லை. தரமான சரக்கு எடைக்கு எடை தங்கத்தின் விலையைத் தாண்டியதுண்டு.

இதற்குள் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் விடை கார்டிசெபின். 1950இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்த மூலக்கூறு இயங்கும் விதம் அழகானது. நம் செல்களில் ஆர்.என்.ஏ. இழையைக் கட்டும் அலகுகளில் ஒன்றான அடினோசினுக்கும் இதற்கும் ஓர் ஆக்சிஜன் அணுதான் வேறுபாடு. செல் தன் ஆர்.என்.ஏ. இழையைக் கட்டும்போது, ரயில் பெட்டிகளைக் கோப்பது போல ஒவ்வோர் அலகையும் முந்தைய அலகின் கொக்கியில் மாட்டுகிறது. கார்டிசெபின் முன்பக்கக் கொக்கி மட்டுமே உள்ள பெட்டி. அது கோக்கப்பட்டுவிட்டால் அதற்குப் பின்னால் எதையும் மாட்ட முடியாமல் இழை அங்கேயே நின்றுபோகும். ஆனால் நம் உடலில் அடினோசினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது கார்டிசெபினையும் விரைவில் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

இந்த மூலக்கூறு பிரித்தெடுக்கப்பட்டது இமயத்துப் பூஞ்சையிலிருந்து அன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ‘கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ்’ என்ற ஆரஞ்சு நிற உறவினத்திலிருந்து கிடைத்தது. 2017இல் சீன ஆய்வாளர்கள் இதற்கான மரபணுத் தொகுதியைக் கண்டறிந்தபோது, மிலிட்டாரிஸ் கார்டிசெபினோடு பென்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு மூலக்கூறையும் சேர்த்தே உருவாக்குவது தெரியவந்தது. சிதைக்கும் நொதியைத் தடுத்து கார்டிசெபினைக் காப்பது பென்டோஸ்டாட்டினின் வேலை. அது ஏற்கெனவே ஓர் அரிய ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக இருந்து வருகிறது. விலையுயர்ந்த இமயத்துப் பூஞ்சையிலோ இந்த மரபணுத் தொகுதியே இல்லை. அரிசியின் மீது எளிதாக வளர்க்கப்படும் மலிவான உறவினத்தின் பெருமை, பெயர் ஒற்றுமையால் மலையிலிருப்பதன் மீது ஏற்றப்பட்டுவிட்டது. 2007இல் இமயத்துப் பூஞ்சை கார்டிசெப்ஸ் பேரினத்திலிருந்தே பிரிக்கப்பட்டது; ஆயினும் கடைகளில் இரண்டும் ‘கார்டிசெப்ஸ்’ என்றே விற்கப்படுகின்றன. சீன மருந்தியல் தொகுப்பு இமயத்துப் பூஞ்சையின் தரத்தை அடினோசின் அளவால் மதிப்பிடுகிறது. அடினோசினோ எல்லா உயிர்ச் செல்களிலும் இருப்பது.

இந்தக் குடும்பத்திடமிருந்து மருத்துவம் எதுவும் பெறவில்லை என்று இதனால் கொள்ளக்கூடாது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரினைத் தரும் பூஞ்சை, வண்டின் புழுவைத் தொற்றும் ஒரு கார்டிசெப்ஸின் இன்னொரு வாழ்நிலை என்று 1996இல் தெரியவந்தது. சிள்வண்டின் இளம்பருவத்தைத் தொற்றும் மற்றோர் உறவினத்தின் வேதிப்பொருளை மாற்றியமைத்து உருவாக்கிய ஃபிங்கோலிமோட், நரம்புறை சிதையும் நோய்க்கு மருந்தாக 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரண்டும் நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்துபவை. பூச்சியின் எதிர்ப்பை வென்று வாழவேண்டிய பூஞ்சைகளிடம் இத்தகைய பொருள்கள் கிடைப்பது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் இவை தனித்துப் பிரிக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட மருந்துகள். முழுப் பூஞ்சையைப் பொடித்து உண்பதற்கு அத்தகைய உறுதி கிடையாது. 2016இல் சீன அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சோதித்த மாதிரிகளில் ஒரு கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்செனிக் இருந்ததாக எச்சரித்தது. ஊட்ட உணவுகளுக்கு அங்கே வகுக்கப்பட்ட வரம்பு 1 மில்லிகிராம்.

மலைக்குத் திரும்புவோம். முளை நீண்டு வித்துகள் முதிர முதிர, அடியிலுள்ள புழுவுடல் சத்து வடிந்து மென்மையாகிச் சுருங்கும். வாங்குபவர்கள் விரும்புவதோ கெட்டியான, பருத்த உடலை. எனவே சேகரிப்போர் பெரும்பாலும் வித்துகள் முதிராதவற்றையே தோண்டுகிறார்கள். பறிக்கப்படும் ஒவ்வொன்றும் விதைக்காமலே போய்விடுகிறது. இதோடு பருவநிலை மாற்றமும் சேர்ந்துகொள்ள, 2020இல் இந்தப் பூஞ்சை அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பருவத்தின் முடிவில் கிடைப்பவை முதிர்ந்தவை. சந்தையில் அவற்றுக்குக் குறைந்த விலைதான். சேகரிப்பைச் சில வாரங்கள் முன்னதாக நிறுத்தி அவற்றை மண்ணிலேயே விட்டுவிடலாம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். அப்படி விடப்பட்ட முளைகள் கோடையின் முடிவில் வெடித்து, கீழே வேர்களைத் தின்றுகொண்டிருக்கும் புழுக்களின் மேல் வித்துகளைத் தூவும்.