ரீப்போவா, பக்கமேசையா?

யாழ்ப்பாணத்துத் தளபாடக் கடையொன்றில் செற்றிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன மேசை கேட்டால், ‘சைட் ரேபிளா, ரீப்போவா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். இணையக் கடைகளில் அதே சாமானுக்கு ‘எண்ட் ரேபிள்’ என்று பெயர். அதைத் தமிழாக்கித் தரும் இயந்திரம் சில வேளை ‘இறுதி அட்டவணை’ என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ரேபிள்’ என்பது மேசைக்கும் அட்டவணைக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் அது. அட்டவணை என்றால் கட்டம் போட்டு விவரம் நிரப்பும் பட்டியல். தளபாடத்தோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து எதை வாங்குவார்?

ரீப்போவில் இருந்து தொடங்குவோம்; சொல்ல நிறைய இருப்பது அதில்தான். பெயரின் முன்பாதி ‘ரீ’ என்று ஒலிப்பதால், தேத்தண்ணி வைக்கிற மேசை என்பதே பொருள் என்று எளிதில் நினைத்துவிடலாம். ‘தேநீர் மேசை’ என்ற தமிழாக்கம் அந்த நினைப்பில் பிறந்ததுதான். ஆனால் பிறப்பில் தேயிலைக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு கிடையாது. இந்தியில் ‘திபாயி’ என்று ஒரு சொல் உண்டு. ‘தி’ என்பது மூன்று. ‘பாய்’ பாரசீக மொழியில் கால். மூன்று கால் கொண்டது, அவ்வளவுதான். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் அதை எடுத்துத் தங்கள் நாவுக்கேற்ப மாற்றி, எழுதும்போது முன்பாதியைத் தேயிலையின் பெயராகவே எழுதினார்கள். லண்டன் கடைகளில் அந்தப் பெயர் கால் பூட்டிய தேயிலைப் பெட்டியொன்றுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி, இது பிழையான பொருள் என்று அப்போதே எழுதி வைத்தது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் டீப்பாய், எங்களிடம் ரீப்போ, சிங்களத்தில் டீபோ.

அதே ‘பாய்’தான் வட இந்தியக் கயிற்றுக் கட்டிலான சார்ப்பாயிலும் இருக்கிறது. ‘சார்’ என்றால் நான்கு. நான்கு கால் என்ற அதே கணக்கில் தமிழில் ‘நாற்காலி’ வந்தது. அங்கே படுக்க, இங்கே இருக்க. பைஜாமாவின் முன்பகுதியும் இந்தப் பாய்தான்: காலுக்குப் போடும் உடுப்பு. சமஸ்கிருதத்தில் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட ‘பாதம்’ இதற்குத் தூரத்துச் சொந்தம்.

அப்படியென்றால் ரீப்போவுக்கு நேர்த் தமிழ் முக்காலி. மூன்று, கால் என்று சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இருந்தும் இன்றைய பாவனைக்கு அதை அப்படியே வைக்க எனக்கு மனமில்லை. முக்காலி என்றதும் எங்களுக்கு ஆள் குந்துகிற ஆசனம்தான் நினைவுக்கு வரும். இன்று கடையில் ரீப்போ என்று விற்பதற்கோ பெரும்பாலும் நான்கு கால். உண்மையிலேயே மூன்று காலில் நிற்கும் பழைய சிறுமேசை கிடைத்தால், அதை முக்காலி மேசை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த மூன்று கால் சும்மா அழகுக்கு வைத்ததல்ல. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆகவே மேடு பள்ளமான பழைய சீமெந்து விறாந்தையிலும் முக்காலி மேசை ஆடாது. நான்கு கால் என்றால் ஒரு காலுக்குக் கடதாசி மடித்து வைக்க வேண்டி வரும். குறையும் உண்டு. இரண்டு காலுக்கு நடுவே, பலகையின் விளிம்பில் கையை ஊன்றினால் கவிழ்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் பிடித்து எழும்புகிற வீட்டுக்கு அது வேண்டாம்.

இனி மேசை. இது போர்த்துக்கேயச் சொல். அதற்கும் மூலம் லத்தீன். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி எல்லாம் எங்கள் வாயில் தங்கிவிட்டன. மேசையில் இழுக்கும் லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. நானூறு ஆண்டு புழங்கிய சொல்லை இனிப் பிறத்தி என்று தள்ளத் தேவையில்லை. மேசை தமிழ்தான்.

மிச்சம் இருப்பது ‘எண்ட்’. ஆங்கிலத்தில் அது செற்றியின் தொங்கலைக் குறிக்கிறது: நீளமான இருக்கையின் இரு தொங்கலிலும் ஒவ்வொன்று நிற்பதால் அந்தப் பெயர். அதைத் தமிழில் இறுதி, முடிவு, கடை என்று எதைப் போட்டாலும் பொருள் பிசகும். ‘தொங்கல்மேசை’ என்றால் கயிற்றில் தொங்குவது போல இருக்கும். ‘ஓரமேசை’ சுவரோரம் நிற்கும் ஒடுங்கிய மேசைக்குப் பொருத்தம். எனக்குச் சரியாகப் படுவது ‘பக்கமேசை’. இருக்கிற ஆளுக்குப் பக்கத்தில் நின்று, அவர் கைக்கு எட்டுவது. செற்றிக்கும் பொருந்தும், சாய்மனைக் கதிரைக்கும் பொருந்தும், ஒற்றைக் கதிரைக்கும் பொருந்தும். ஹோலின் நடுவில் நிற்கும் பதிந்த மேசைக்கு ரீப்போ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அந்த வேறுபாடு பயன்படும்.

கடைகளில் ஒட்டியிருக்கும் ‘விண்டேஜ்’ என்பது திராட்சை அறுவடையைக் குறித்த சொல். எந்த ஆண்டின் வைன் என்று சொல்லப் பயன்பட்டு, பிறகு பழைய சாமான்களுக்கு வந்தது. தமிழில் ‘அந்தக்காலத்து மேசை’ என்றாலே விளங்கும். நூறு ஆண்டைத் தாண்டியதற்கு மட்டும் ‘தொல்பொருள்’ என்ற பெயரை ஒதுக்கி வைப்பது நல்லது. ‘கொண்டெம்பரரி’ என்பதற்கு ‘இக்காலத்து’ போதும்.

யாழ்ப்பாணத்தில் அந்தக்காலத்து மேசை கிடைப்பது லேசல்ல. போரால் நேர்ந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்துச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு, கையில் எடுக்கக்கூடியதோடு தென்மராட்சிப் பக்கம் போனது. மேசை, அலுமாரியை யார் தூக்கிக்கொண்டு போவது? திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவு நிலைகூட இருக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ முதிரையிலோ தேக்கிலோ செய்த பழைய சிறுமேசை ஒன்று தப்பிக் கிடந்தால், நிறம் மங்கிவிட்டது என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல ஓடாவி ஒருவர் பொருத்துகளை இறுக்கி, அரக்குப் பொலிஷ் பூசினால் அது இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

வெளியில் வாங்குவதென்றால் மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேற்பலகை எல்லாரும் பார்க்கப் பூசியது. உண்மை அடியில் இருக்கும். பலகையின் அடியில் சீவுளி ஓடிய மெல்லிய அலைகள் விரலுக்குத் தட்டுப்பட்டால் கைவேலை. லாச்சியை முழுதாக வெளியே இழுத்து மூலைகளைப் பாருங்கள்: பல்லுக்குப் பல் கோத்திருந்தால் நல்லது, ஆணி மட்டும் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தால் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தித் தட்டுங்கள். மாவைப் போன்ற புதிய மரத்தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை மருந்தடிக்காமல் வீட்டுக்குள் ஏற்றினால் கதவு நிலைக்கும் ஆபத்து.

பழையதோ புதியதோ, உயரம்தான் முதலில். பக்கமேசை செற்றிக் கைப்பிடியின் மட்டத்தில், அல்லது ஓரிரு அங்குலம் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் கோப்பையை வைக்கும்போது முழங்கை தட்டும். அகலம், செற்றியின் ஆழத்தைத் தாண்டி நடைபாதைக்குள் நீளக் கூடாது. இரண்டு தொங்கலுக்கும் ஒரே சோடிதான் வேண்டும் என்றில்லை. ஒரு பக்கம் அந்தக்காலத்து முதிரை, மறுபக்கம் இக்காலத்துக் கண்ணாடி என்று வைத்தாலும், உயரம் ஒத்திருந்தால் கண் உறுத்தாது.

இக்காலத்து மேசைகளில் மரத்தூளை அழுத்திச் செய்யும் தூள்பலகையால் ஆனவற்றை எங்கள் வீடுகளில் கவனமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றி நிலம் கழுவுகிற பழக்கத்தில், கால் அடியில் நீர் ஏறி ஊதிவிடும். ஊதியது பழைய நிலைக்கு வராது. இரும்புக்கால் வாங்கினால், கடலை அண்டிய வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்; பற்றுவைத்த இடங்களிலும் பூச்சு ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு வகைக்குமே காலின் அடியில் றப்பர்த் தக்கை பூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.