பாஷாவின் வெண்தாடி

எகிப்தை 1805 முதல் 1848 வரை ஆண்ட முகமது அலி பாஷா, 1811இல் மம்லூக் எனப்பட்ட பழைய போர்வீரர் வகுப்பின் தலைவர்களைக் கெய்ரோக் கோட்டைக்கு அழைத்துக் கொன்று குவித்தவர். எழுபதைத் தாண்டிய வயதில் அவரை நீர்வண்ணத்தில் தீட்டினார் ஆங்கில ஓவியர் ஜான் ஃபிரடெரிக் லூயிஸ். 1841 முதல் பத்தாண்டு கெய்ரோவிலேயே குடியிருந்தவர் லூயிஸ். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒரு தாளும் கொஞ்சம் தண்ணீரும் எப்படித் தாங்குகின்றன?

நீர்வண்ணம் என்பது நுணுக்கி அரைத்த நிறப்பொடியும் பிசினும்தான். தண்ணீர் காய்ந்து போய்விடும். பொடியைத் தாளோடு பிடித்து வைப்பது பிசின். நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் கருவேலம்பிசினுக்கு நெருங்கிய உறவான ஒரு வேல மரத்திலிருந்து அது வடிகிறது. அதற்குப் பேர்போன இடம் சூடானின் கோர்தோஃபான். 1821இல் அந்த மண்ணைப் பிடித்ததே பாஷாவின் படைதான். பிசின் வாணிபத்தையும் அவர் அரசு தன் கைக்குள் வைத்துக்கொண்டது. அவர் முகத்தைத் தீட்டிய சாயத்துக்கும் அவர் ஆட்சிக்கும் இப்படி ஒரு நெருக்கம் இருப்பது எனக்குத் தீராத வியப்பு.

மெல்லிய பூச்சில் விழும் ஒளி நிறத்தின் ஊடே இறங்கி, வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடி அதே நிறத்தைக் கடந்து கண்ணுக்கு வருகிறது. இரண்டு முறை வடிகட்டப்படுவதால்தான் நீர்வண்ணத்துக்கு உள்ளிருந்து விளக்கேற்றியது போன்ற பளபளப்பு. தாளுக்கு ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். இல்லாவிட்டால் சாயம் இழைகளுக்குள் ஊறி மங்கிவிடும்.

வெண்தாடிக்கு என்ன செய்வது? தாளை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கறுத்த நிழலின் மேல் ஒற்றை நரைமுடியை இழுக்க, தாளை மறைக்கும் வெள்ளை வேண்டும். ஐஸ்கட்டி கண்ணாடி போலத் தெரியும். அதையே துருவினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். ஐஸ், காற்று, ஐஸ் என்று ஒளி மாறி மாறி நுழையும்போது ஒவ்வொரு எல்லையிலும் வளைந்து சிதறுகிறது. வெள்ளைச் சாயமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண். பிசினுக்கு அது சுமார் 1.5, துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடிக்குச் சுமார் 2. இந்த இடைவெளிதான் ஒளியைத் தாளுக்குப் போகவிடாமல் திருப்பி அனுப்புகிறது.

முன்பெல்லாம் பெரும்பாலும் ஈயத்திலிருந்து செய்த ஈய வெள்ளைதான். எண்ணெய் ஓவியத்தில் எண்ணெய்ப் படலம் அதைக் காக்கும். நீர்வண்ணத்தில் அந்தக் கவசம் கிடையாது. நிலக்கரிப் புகை மண்டிய ஊர்க் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டு அது கரிய ஈய சல்ஃபைடாக மாறிவிடும். கிழவரின் தாடி கறுத்துப்போன படத்தை நினைத்துப் பாருங்கள்! 1834இல் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் துத்தநாக ஆக்சைடைச் 'சைனீஸ் ஒயிட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. துத்தநாக சல்ஃபைடும் வெள்ளைதான் என்பதால், அதே காற்று பட்டாலும் கறுக்காது.

ஆனால் வெள்ளை தப்பினாலும் சிவப்பு தப்புவதில்லை. பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் போன்ற கரிமச் சாயங்களின் மூலக்கூறுகளை ஒளி உடைத்துவிடுகிறது. ஆங்கில விஞ்ஞானிகள் ரசலும் ஆப்னியும் நீர்வண்ணங்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, 1888இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்றும் ஈரமும் நீக்கிய குழாய்களில் பெரும்பாலான நிறங்கள் அப்படியே இருந்தன. ஒளியும் ஆக்சிஜனும் ஈரமும் கைகோத்தால்தான் வெளிறுகிறது என்பது அப்போது புரிந்தது. வெளிறிய நிறத்தை மீட்க வழியில்லை.

அதனால்தான் இத்தகைய ஓவியங்களைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியில் மட்டும், அதுவும் சில மாதங்களே காட்சிக்கு வைத்துவிட்டு இருட்டறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அப்படியொரு அறைக்குள் வெளியிலிருந்து நுழைந்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கண் பழகப் பழக, முதலில் வெள்ளை எழும்பும். பிறகு ஒவ்வொரு நிறமாக மேலே வரும்.