ஆயில் டிரம்மில் 40, 68, 90: எந்த எண் எதைச் சொல்கிறது?

பட்டறைகளுக்கு லூப்ரிகேஷன் ஆலோசனைக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி: "சார், பிரஸ்ஸுக்கு 68 ஹைட்ராலிக் ஆயில் போடச் சொல்லியிருக்காங்க. கைவசம் 40 இன்ஜின் ஆயில்தான் இருக்கு. கொஞ்சம் லேசாத்தானே இருக்கும், ஊத்திக்கலாமா?" கேட்பவர்கள் அனுபவசாலிகள். இரண்டு எண்களும் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவையாக இருந்தால் அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் அவை வேறு வேறு அளவுகோல்கள்.

ஹைட்ராலிக் டிரம்மில் இருக்கும் 68, ஐ.எஸ்.ஓ. வி.ஜி. எண், அதாவது தொழிற்சாலை ஆயில்களுக்கான சர்வதேசப் பாகுநிலை எண். பாகுநிலை (விஸ்காசிட்டி) என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு, அதன் அலகு சென்டிஸ்டோக்ஸ். 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுநிலை சுமார் 68 சென்டிஸ்டோக்ஸ். பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். இன்ஜின் ஆயிலில் இருக்கும் 40, எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த கிரேடு. அது அளவே அல்ல, ஒரு வகுப்பின் பெயர். 100 டிகிரியில் 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் வரும் ஆயிலுக்கு அந்தப் பெயர். அதே ஆயிலை 40 டிகிரியில் அளந்தால், மோனோகிரேடாக (10டபிள்யூ-30 போல இரட்டை எண் இல்லாமல் ஒரே எண் கொண்டதாக) இருந்தால், 140, 150 வரை காட்டும். "லேசு" என்று நினைத்த ஆயில் இரண்டு மடங்கு கெட்டி.

அதை ஊற்றிக் காலையில் பிரஸ்ஸை ஓட்டினால், பம்பால் ஆயிலை வேண்டிய வேகத்தில் உறிஞ்ச முடியாது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் விழுந்து குமிழிகள் உண்டாகும். அழுத்தப் பக்கம் போனதும் அவை நொறுங்கும். பம்புக்குள் ஜல்லி உருளுவது போன்ற சத்தம் அதனால்தான். ஒவ்வொரு குமிழி நொறுங்கும்போதும் உலோகத்தில் கொஞ்சம் அரிக்கப்படுகிறது. பல இடங்களில் "ஏர் வாங்குது" என்று பைப்பைத்தான் கழற்றி மாட்டுகிறார்கள். டிரம்மில் எழுதியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

கியர் ஆயிலின் 90 மூன்றாவது அளவுகோல். 100 டிகிரியில் 13.5-இலிருந்து 18.5-க்குள் இருப்பதுதான் எஸ்.ஏ.இ. 90. இன்ஜின் ஆயில் 40-உம் 50-உம் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வருகின்றன. பாகுநிலை நெருங்கி வருகிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது. இரண்டிலும் சேர்க்கும் ரசாயனங்கள் வேறு.

சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகு ஆய்வகத்தில் பிறக்கும் விதம் மிக எளிமையானது. நுண்துளைக் கண்ணாடிக் குழாயில் ஆயிலை நிரப்பி, வெப்பநிலை மாறாத தொட்டியில் வைத்து, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். விநாடியைக் குழாயின் மாறிலியால் (அந்தக் குழாய்க்கென்று முன்பே கண்டறிந்த எண்ணால்) பெருக்கினால் சென்டிஸ்டோக்ஸ். தொட்டியின் சூடு 0.02 டிகிரிக்கு மேல் ஆடக்கூடாது. ஆயில் வெப்பத்துக்கு அவ்வளவு கூர்மையாக அசைந்துகொடுக்கும். ஆகவே வெப்பநிலை சொல்லாமல் "இதோட விஸ்காசிட்டி 100" என்றால் அதற்குப் பொருளே இல்லை.

பாகுநிலைக்கு இன்னொரு அலகான சென்டிபாய்ஸ் வேறு. 19-ஆம் நூற்றாண்டில் ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ள நுண்குழாய்களில் திரவங்களை ஓடவிட்டு அளந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் நினைவாக வந்த பெயர் அது. 20 டிகிரியில் தண்ணீர் கிட்டத்தட்ட 1 சென்டிபாய்ஸ். அதைத் திரவத்தின் அடர்த்தியால் வகுத்தால் சென்டிஸ்டோக்ஸ். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 0.87 அடர்த்தி உள்ள ஆயிலில் 100 சென்டிபாய்ஸ் என்பது 115 சென்டிஸ்டோக்ஸ். இரண்டையும் மாற்றிப் படித்துத் தவறான கிரேடை வாங்கிவிடுகிறார்கள்.

இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இது வேண்டும். 10டபிள்யூ-30 என்பதில் 30, முன்பு சொன்ன 100 டிகிரி கிரேடு. டபிள்யூ குளிர்காலத்தைக் (விண்டர்) குறிக்கும். மைனஸ் 25 டிகிரியிலும் 7000 சென்டிபாய்ஸைத் தாண்டாது என்ற உறுதிதான் அந்த 10டபிள்யூ. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா 20டபிள்யூ-50 போடுங்க" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஓடும் இன்ஜினுக்குள் ஆயிலின் சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எரியும் பெட்ரோலும் உராய்வும்தான். வெளியில் அடிக்கும் வெயிலின் பங்கு சிறிது. கம்பெனிக் கையேடு 30 என்று சொல்லியிருந்தால், இன்ஜின் பாகங்களுக்கு இடையிலான இடைவெளிகளையும் ஆயில் பம்பையும் 30-ஐ வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். கெட்டி ஆயில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பகுதிக்குப் போய்ச்சேரத் தாமதமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து "ஆயில் செத்துப்போச்சு" என்று முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. விரலில் இருப்பது 30 டிகிரி ஆயில். இன்ஜினில் அது 100 டிகிரியைத் தொடுகிறது. தவிர, பழைய ஆயிலில் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கும். கசியும் பெட்ரோலோ டீசலோ கலந்தால் இளகும். கரிப்புகை சேர்ந்தாலும் காற்றுபட்டுக் கெட்டாலும் தடிக்கும். இரண்டும் சேர்ந்தால் விரலுக்குப் புதிய ஆயில் போலவே தோன்றும். பெரிய ஜெனரேட்டரோ விலை கூடிய பிரஸ்ஸோ வைத்திருப்பவர்கள், மெஷின் ஓடிச் சூடாக இருக்கும்போதே சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். புது ஆயிலின் அறிக்கையையும் உடன் வைத்திருங்கள். ஒப்பிட அதுதான் அடிப்படை.

ஆயில் வாங்கும்போது டேட்டா ஷீட் கேளுங்கள். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ், 100 டிகிரியில் எத்தனை என்று இரண்டு எண்களும் அதில் இருக்க வேண்டும். கடைக்காரர் தயங்கினால், வேறு கடைக்குப் போகலாம்.