வாடிய பிறகு ஊற்றி என்ன பயன்?

சிங்கப்பூரின் யீஷூன் பேட்டையில் ஒரு சமூகத் தோட்டம். காலையில் தண்ணீர் ஊற்றும்போது நிமிர்ந்து நின்ற கத்தரிச்செடி, நான் போய்ச் சேர்ந்த பன்னிரண்டு மணிக்குத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இலை மஞ்சளாகவில்லை. புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே வாடியிருந்தது. "மூணு வாட்டி டிரைக்கோடெர்மா ஊத்திட்டேன் தம்பி, கேக்கவே மாட்டேங்குது" என்றார் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. டிரைக்கோடெர்மா என்பது வேர்நோயைத் தடுக்கக் கொடுக்கும் ஒரு நன்மை செய்யும் நுண்ணுயிர்.

தண்டைத் தரைக்குச் சற்று மேலே வெட்டினேன். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நனையும்படி பிடித்துக்கொண்டேன். கை ஆடக்கூடாது, அதுதான் கஷ்டம். மூன்று நான்கு நிமிடத்தில் முனையிலிருந்து வெள்ளையாக ஓர் இழை, நீர்த்த கஞ்சி வடிவதுபோல், மெல்லக் கீழே இறங்கியது. அக்கா குனிந்து மூக்கு தம்ளரில் இடிக்கும் அளவுக்குப் பார்த்தார். அந்த இழை முழுக்க ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா. வேர் வழியாக நுழைந்து, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் செடிக்கு ஏறாது. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் நம் ஊர்ச் சூட்டில் இதுதான் எமன். உள்ளே புகுந்துவிட்டால் டிரைக்கோடெர்மாவும் காப்பாற்றாது, வேறெந்த மருந்தும் காப்பாற்றாது. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான். கம்போஸ்ட் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

செடிநோய்களைப் பார்ப்பது என் தொழில். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத் தொட்டியிலிருந்து மொட்டைமாடிப் பண்ணை வரை போகிறேன். எல்லா இடத்திலும் நான் பார்ப்பது இந்த ஒரே குழப்பம்தான். நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் காய்ச்சல் மாத்திரை மாதிரி நினைக்கிறார்கள். அவை அப்படி வேலை செய்வதில்லை.

உணவங்காடியில் மதிய நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் வைத்து இடத்தைச் 'சோப்' செய்துவிட்டு, அதாவது பிடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பாடு வாங்கவே போகிறோம். வேரின் மேற்பரப்பிலும் அதே கதை. வேர் சர்க்கரையும் அமிலங்களும் கசிந்துகொண்டே இருக்கும். அதைத் தின்ன வரும் கூட்டம்தான் வேரைச் சுற்றி வாழ்கிறது. அந்த மண்பகுதிக்கு ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904ல் 'ரைசோஸ்பியர்' என்று பெயரே வைத்தார். அங்கே முதலில் நல்லவர்கள் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிற நோய்க்கிருமிக்கு இடமும் குறைவு, சோறும் குறைவு. நோய்க்கிருமி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு நீங்கள் டிஷ்யூவை வைத்து என்ன செய்வது?

இடம்பிடிப்பதோடு இவை நிற்பதில்லை. டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை. ஆய்வுத்தட்டில் ஒருபக்கம் வேரழுகல் உண்டாக்கும் ரைசாக்டோனியாவையும் மறுபக்கம் இதையும் வைத்தால், நான்கைந்து நாளில் பச்சைப் படலமாக எதிரியின் மேலேயே ஏறிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பாகல் கொடி பந்தல் கம்பியைச் சுற்றுகிறமாதிரி எதிரியின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே இருப்பதைத் தின்கிறது. நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் ஒரு பாக்டீரியா. அதன் சாமர்த்தியம் வேறு. மண்ணில் இருக்கும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சுரந்து, நோய்க்கிருமியைப் பட்டினி போடும். புற ஊதா விளக்கில் காட்டினால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். இது வேரில் குடியேறினாலே செடி உஷாராகிவிடும். பிறகு இலையில் கிருமி விழுந்தாலும் எதிர்ப்பு வேகமாகக் கிளம்பும். பேசில்லஸ் சப்டிலிஸ் இன்னொன்று. தடித்த உறைக்குள் வித்தாக மாறி, சூட்டையும் வறட்சியையும் தாங்கும். நம் வீடுகளில் பொருள்களை வைத்திருக்கும் லட்சணத்துக்கு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நுண்ணுயிரை ஏவி வேலை வாங்குவது இங்கே புதிதும் அல்ல. டெங்கியைக் கட்டுப்படுத்த 2016 முதல் வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களைப் பேட்டை பேட்டையாக விடுகிறார்கள் அல்லவா, அதுவும் இந்த வழிதான்.

சரி, எப்படிக் கொடுப்பது? விதையிலேயே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது வழக்கமான கணக்கு. உங்களிடம் இருப்பது இருபது வெண்டை விதை என்றால் ஒரு சிட்டிகை போதும். ஊரில் உயிர் உரத்துக்குச் செய்வதுபோல் ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு சொட்டு விட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். நாற்றாக வாங்கினால், கரைசலில் வேரை அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். நட்ட குழியில் மக்கிய கம்போஸ்ட் ஒரு பிடி போடுங்கள். வெறும் தேங்காய் நார்த் தூளில் அவற்றுக்குச் சாப்பிட ஒன்றும் பெரிதாக இல்லை.

குழாய்த் தண்ணீர் ஒரு சின்னச் சிக்கல். இங்கே தண்ணீரைச் சுத்திகரிக்கக் குளோரமின் சேர்க்கிறார்கள். ஊரில் செய்வதுபோல் ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் அவ்வளவு சுலபமாகப் போகாது. மண்ணில் ஊற்றிய பிறகு பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் பொடியைக் கரைக்கும் வாளியில் மீன்தொட்டிக்கு ஊற்றும் குளோரின் நீக்கியை ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது, அன்றே தீர்த்துவிடுங்கள். கொசு முட்டையிட்டால் அபராதக் கடிதம் வரும்.

என் பங்குக்கு நானும் ஒருமுறை நன்றாகக் கெடுத்திருக்கிறேன். பலமாடிக் கார் நிறுத்தம் ஒன்றின் மொட்டைமாடியில் கீரைப் பண்ணை. காலையில் டிரைக்கோடெர்மாவைக் கறுப்புப் பீப்பாயில் கரைத்துவிட்டு, வேறு வேலையாகப் போய், மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து ஊற்றினேன். கையை விட்டால் சுடுகிற தண்ணீர். வேகவைத்த பூஞ்சையைத்தான் பாத்திகளுக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் நாற்றழுகல். அப்புறம் எப்போதும் மாலை ஆறு மணிக்கு மேல்தான். பூஞ்சைக்கொல்லி தெளித்த அதே வாரத்தில் டிரைக்கோடெர்மா கொடுப்பதும் இப்படித்தான். அதுவும் பூஞ்சைதானே, கார்பென்டாசிம் போன்ற மருந்து அதை விட்டுவைக்காது.

மொட்டைமாடி என்றதும் இன்னொன்று. அங்கே செடிகளுக்கு நோயைவிடச் சூடும் உர உப்பும்தான் பெரிய தொல்லை. அவதிப்படும் செடி எத்திலீன் வாயுவை அதிகம் உண்டாக்கி, தானே வேர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சில வேர்ப் பாக்டீரியாக்கள் எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளையே தின்றுவிடுவதால் செடி தாக்குப்பிடிக்கிறது. அதற்காக நிழல்வலையைக் கழற்றிவிடாதீர்கள்.

கடைகளில் மைக்கோரைசா பாக்கெட்டும் அழகாகத் தொங்குகிறது. பெரும்பாலான செடிகளின் வேரோடு கூட்டு வைத்து பாஸ்பரஸ் கொண்டுவந்து தரும் பூஞ்சை. மிளகாய்க்கும் வெண்டைக்கும் நல்லது. ஆனால் சாய் சிம், காய்லான் போன்ற கடுகு இனத்துக் கீரைகள் அதோடு கூட்டு வைப்பதே இல்லை. தண்டுக்கீரை, முளைக்கீரையும் பெரும்பாலும் அப்படித்தான். நம் பாத்திகளில் பாதி இவைதான். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பாக்கெட் வாங்கும்போது நுண்ணுயிரின் முழுப்பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிர், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'நல்ல பாக்டீரியா' என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முழுப்பெயர் எதற்கு என்றால், நம் கத்தரியைக் கொன்ற ரால்ஸ்டோனியாவையே ஒரு காலத்தில் சூடோமோனாஸ் என்ற பெயரில்தான் வைத்திருந்தார்கள். குடும்பப் பெயரை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் வேண்டாம். செடி, மண் சார்ந்த பொருள்களுக்கு இங்கே இறக்குமதி விதிகள் உண்டு, தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் கேளுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மண்ணில் நல்லவர்கள் மட்டும் இல்லை. மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலை பாக்டீரியா சிங்கப்பூர் மண்ணிலும் வாழ்கிறது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. பெருமழைக்குப் பிறகு ஆபத்து அதிகம். தோலில் உள்ள கீறல் வழியாக நுழையும், மூச்சு வழியாகவும் நுழையும், உயிரையே எடுக்கக்கூடியது. நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். நம் ஆட்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெறுங்கையோடும் ஜப்பான் செருப்போடும் பாத்தியில் இறங்கும் அங்கிள்களிடம் கையுறை போடச் சொல்லி நான் வாங்காத பேச்சு இல்லை. போட்டுக்கொள்ளுங்கள். காலில் பூட்ஸ். உரமண் பையை முகத்துக்கு நேரே பிரித்து உதறாதீர்கள், லேசாக நனைத்து, முகக்கவசம் போட்டுக் கொட்டுங்கள். தோட்டம் போன ஒருவருக்குக் காய்ச்சல் நீடித்தால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யீஷூன் அக்காவின் பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். மாற்றிப் பயிரிட வேறு இடமில்லை. அதனால் இப்போதைக்குச் சேரை எனும் எலுமிச்சைப்புல்லும் சோளமும் போட்டிருக்கிறார், ரால்ஸ்டோனியாவுக்கு அவை பிடிக்காது. தாழ்வாரத்தில் சுண்டைக்காய் நாற்றுகள் வளர்கின்றன. சுண்டை வேருக்கு இந்த வாடல் நோயைத் தாங்கும் குணம் உண்டு, அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டலாம். ஒட்டுக்கட்டச் சொல்லித்தர வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய பேசில்லஸ் பொடியை, வெயில் படாமல், மூடி இறுக்கிய டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாராம். டப்பாமேல் பெயர் எழுதி ஒட்டினாரா என்று கேட்டேன். "பெருங்காயம்னு எழுதியிருக்கு, பழைய டப்பா" என்றார். இன்றைக்கே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.